ஏரி காத்த ஊர்

தொண்டை நாட்டு நீர்வழி – 14

சென்ற இதழில் உத்திரமேரூர்க் கல்வெட்டுச் சுவரின் முன்னால் நின்றிருந்தோம். அந்தப் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்தால் தண்ணீர் எங்கே போகும் என்ற கேள்வியோடு விட்டிருந்தேன். விடை தென்கிழக்கே இருபத்தைந்து கிலோமீட்டரில் இருக்கிறது. உத்திரமேரூர், வந்தவாசி வட்டாரங்களில் ஏரிக்கு ஏரி இறங்கி வருகிற உபரி நீர், கிளியாற்றின் வழியாகவும் நெல்வாய் மடுவின் வழியாகவும் மதுராந்தகம் ஏரியில் வந்து விழுகிறது. அங்கே கொஞ்ச காலம் தங்கி, மிஞ்சினது மறுபடியும் கிளியாறாகி, பாலாற்றில் கலந்து, கடலுக்குப் போகிறது.

சென்னையிலிருந்து திருச்சி நெடுஞ்சாலையில் போகிறவர்கள் இந்த ஏரியைப் பார்த்திருப்பார்கள். பேருந்தில் தூங்கிக்கொண்டு போகிறவர்கள்கூட மழைக்காலத்தில் இங்கே ஒரு கணம் கண் விழிப்பார்கள். கடல் மாதிரி கிடக்கும். இரண்டாயிரம் ஏக்கருக்கு மேல் பரப்பு; முழுக் கொள்ளளவு 694 மில்லியன் கன அடி; முழு உயரம் 23.3 அடி. ஐப்பசி, கார்த்திகையில் செய்தித்தாளின் மாவட்டப் பக்கத்தை எடுத்தால் இந்த 23.3 கட்டாயம் கண்ணில் படும். அந்த அளவைத் தொட்டதும் கிளியாற்றங்கரை ஊர்களுக்கு வெள்ள எச்சரிக்கை போய்விடும்.

இந்தத் தொடரில் ஊற்று, சுனை, குளம் என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டு வருகிறோம். ஓர் ஊர் பிறந்த இடத்தைத் தேடினால் பெரும்பாலும் ஓர் ஊற்றில்தான் போய் நிற்போம். மதுராந்தகத்தில் அப்படி ஒற்றை ஊற்று என்று காட்ட எதுவும் இல்லை. தொண்டை நாட்டின் குணம் அது. காவிரிபோல் ஆண்டின் பாதி ஓடுகிற ஆறு இங்கே கிடையாது. பாலாறு பெயருக்குத்தான் ஆறு. வருஷத்தில் பெரும்பாலும் மணல். ஆனால் மணலுக்கு அடியில் ஈரம் ஓடும். அந்த ஈரத்தைப் பிடிக்க ஆற்று மணலில் சாய்வாக வாய்க்கால் தோண்டிக் கரைக்குக் கொண்டுவருவார்கள். ஊற்றுக்கால் என்று பெயர். காய்ந்த ஆற்றைக் கறந்து பயிர் வைத்த ஜனங்கள் இவர்கள். மழை பெய்கிற இரண்டு மூன்று மாதத்தில் ஓடுகிற தண்ணீரை மண் கரை போட்டு நிறுத்திவைப்பது அந்த வித்தையின் மறுபாதி. நிறுத்திவைத்த தண்ணீர் மதகு வழியாக வயலுக்குப் போவது கண்ணுக்குத் தெரியும். தெரியாமல் இன்னொன்று நடக்கும்: கரைக்குக் கீழே இருக்கிற கிணறுகளில் ஊறும். கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "ஏரியில தண்ணி நின்னா எங்க கெணத்துல தண்ணி நிக்கும் சார். ஏரி காஞ்சா பொங்கலுக்கு அப்புறம் மோட்டாரு காத்த இழுக்கும்" என்றார். மதுராந்தகத்தின் ஊற்று அந்த ஏரிதான். மனிதன் கட்டிய ஊற்று.

சரி, யார் கட்டினார்?

ஊர்க்காரர்களைக் கேட்டால் தயங்காமல் உத்தம சோழன் என்பார்கள். கண்டராதித்தருக்கும் செம்பியன் மாதேவிக்கும் பிறந்தவர், 985 வரை ஆண்டவர், ராஜராஜனுக்கு முன்னால் அரியணையில் இருந்தவர். இயற்பெயர் மதுராந்தகன். பொன்னியின் செல்வன் படித்தவர்களுக்கு இந்தப் பெயரைக் கேட்டதும் ஒரு சோனியான இளவரசன் நினைவுக்கு வருவான்; அது கல்கியின் கைவண்ணம். நிஜமான உத்தம சோழனின் கையில் இந்த வட்டாரம் நன்றாகவே இருந்தது. காஞ்சிபுரத்து ஊரகம் கோயிலின் வரவு செலவையும் அந்த ஊர் நெசவாளர் சேரிகளையும் பற்றி அவருடைய 16-ஆம் ஆட்சியாண்டுச் செப்பேடு விரிவாகப் பேசுகிறது. இன்றும் சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஆனால் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஆளைப் பிடிக்க முடியாது. மதுராந்தகன் என்றால் மதுரைக்கு அந்தகன், அதாவது மதுரைக்கு எமன். பாண்டியனை வென்று மதுரை கொண்ட கோப்பரகேசரி என்று தன்னை அழைத்துக்கொண்ட முதல் பராந்தகனுக்கு இந்தப் பட்டம் பொருந்தும். ராஜேந்திர சோழனின் இளமைப் பெயரும் மதுராந்தகன்தான். மூன்று பேர் வரிசையில் நிற்கிறார்கள். எனக்கு உத்தம சோழன் பக்கம்தான் சாய்வு, காரணம் அரசியல். 949-இல் தக்கோலத்தில் சோழர் தோற்றார்கள். இராட்டிரகூடன் மூன்றாம் கிருஷ்ணன் கச்சியும் தஞ்சையும் கொண்டவன் என்று பட்டம் சூடிக்கொண்டு தொண்டை நாட்டைப் பல ஆண்டுகள் கையில் வைத்திருந்தான். அது திரும்பி வந்தது சுந்தர சோழன், உத்தம சோழன் காலங்களில். திரும்பி வந்த நிலத்தில் முதலில் செய்கிற வேலை, ஊர்களுக்குத் தன் பெயரை வைப்பது.

கல்வெட்டுகளில் இந்த ஊர், சயங்கொண்ட சோழ மண்டலத்துக் களத்தூர்க் கோட்டத்தைச் சேர்ந்த மதுராந்தகச் சதுர்வேதிமங்கலம். தனியூர் என்ற அந்தஸ்தும் உண்டு. நாட்டுக்குள் அடங்காமல் தானே ஒரு நாடுபோல நின்ற பெரிய பிராமண ஊர்களுக்குத்தான் அந்தப் பெயர் கிடைக்கும். உத்திரமேரூரும் அப்படி ஒரு தனியூர்தான். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு வேதம் ஓதினவர்கள் என்று சொல்லிப் பல குடும்பங்களைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். அவர்களுக்கு நிலம் கொடுக்கிறார்கள். அந்த நிலத்தை உழ ஆட்கள் வேண்டும், நெல் வேண்டும், நெல்லுக்குத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் இல்லாத இடத்தில் எந்த ராஜாவும் சதுர்வேதிமங்கலம் வைக்க மாட்டான். பெயர் வைத்தவன் வந்தபோது ஏதோ ஓர் ஏரி இங்கே இருந்திருக்க வேண்டும், அல்லது பெயரோடு சேர்த்தே ஏரியையும் வெட்டியிருக்க வேண்டும்.

முதல் யூகத்துக்கு எனக்கு ஒரு பிடி கிடைத்தது. ஊரின் பழைய சிவன் கோயில் திருவெண்காட்டீஸ்வரர் கோயில். அது இருக்கிற பகுதிக்குக் கடப்பேரி என்று பெயர். தாம்பரத்துக் கடப்பேரியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இது வேறு. பெயரின் வாலில் ஏரி உட்கார்ந்திருப்பதைக் கவனித்தீர்களா? அரசன் கொடுத்த பெயர் கல்வெட்டில் இருக்கும், சனங்கள் வைத்த பெயர் நாக்கில் இருக்கும். மதுரைக்கு எமன் வருவதற்கு முன்னால் இங்கே ஏரிக்காரர்கள் இருந்தார்கள் என்பது என் கட்சி.

வெட்டுவது ஒரு ராஜாவின் புகழ். காப்பாற்றுவது ஆண்டுதோறும் வருகிற வேலை. அதற்கு உத்திரமேரூர் கல்வெட்டே சாட்சி. 919, 921 ஆகிய ஆண்டுகளில், முதல் பராந்தகன் காலத்தில் எழுதின அந்தக் கல்வெட்டுகளைத் தேர்தல் முறைக்காக எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம். குடவோலையில் பெயர் எடுத்து அமைத்த வாரியங்களில் ஏரி வாரியம் ஒன்று, ஆறு பேர், 360 நாள் பதவி. ஓடம் விட்டு ஏரியில் வண்டல் வாரிக் கரையில் கொட்டுவதற்கென்றே பொன்னும் நிலமும் எழுதிவைத்த கல்வெட்டுகளும் தொண்டை நாட்டில் உண்டு. அடியில் படிகிற மண்ணை எடுத்துக் கரைமேல் போட்டால் இரண்டு வேலை ஒரே கூடையில் முடிகிறது: ஆழம் கூடும், கரை உயரும். அண்மையில் ரூ. 120 கோடிக்குத் திட்டம் போட்டு இயந்திரங்கள் மதுராந்தகம் ஏரியில் இறங்கின. செய்தது அதே வேலைதான்.

பதினோராம் நூற்றாண்டில் இந்த ஊர் வைணவர்கள் மறக்க முடியாத இடமானது. வைணவ ஆசாரியர் ஆளவந்தார் மறைந்த பிறகு அவருடைய சீடர் பெரிய நம்பி ராமானுசரை அழைத்துவரத் திருவரங்கத்திலிருந்து காஞ்சிக்குப் புறப்பட்டார். அவரைத் தேடி ராமானுசர் காஞ்சியிலிருந்து திருவரங்கத்துக்குப் புறப்பட்டார். இரண்டு பேரும் எதிரெதிரே வந்து சந்தித்தது மதுராந்தகத்தில். தீட்சையைப் பிறகு செய்துகொள்ளலாம் என்று நம்பி சொல்ல, அதுவரை உயிர் இருக்கும் என்று யார் கண்டார் என்று ராமானுசர் கேட்க, அங்கேயே ராமர் கோயில் மகிழ மரத்தடியில் பஞ்ச சம்ஸ்காரம் என்ற அந்தத் தீட்சை நடந்ததாகக் குருபரம்பரை சொல்கிறது. துவயம் விளைந்த திருப்பதி என்று ஊருக்கு இன்னொரு பெயர் இதனால் வந்தது. காவி உடுப்பதற்கு முன்பு நடந்தது என்பதால் இங்குள்ள ராமானுசருக்கு வெள்ளை வஸ்திரம்.

இரண்டு வழிப்போக்கர்கள் சந்திப்பதற்கு வேறு ஊர் இல்லையா? பெருவழியில் நடந்து வருகிறவன் எங்கே இறங்குவான்: குளிக்க நீரும், நிழலும், ஒரு கோயிலும் இருக்கிற இடத்தில். தத்துவ வரலாறு எழுதுகிறவர்கள் மகிழ மரத்தை மறப்பதில்லை. ஏரியையும் ஒரு வரி எழுதலாம்.

அதற்குப் பிறகு எழுநூறு ஆண்டுகளை வேகமாகத் தாண்டுகிறேன். விஜயநகரம், நாயக்கர், ஆற்காட்டு நவாபு என்று கொடி மாறிக்கொண்டே இருந்தது, கரை மாறவில்லை. 1763-இல் நவாபு முகமது அலி செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கும்பினிக்கு ஜாகீராகக் கொடுத்தார். கும்பினியும் கெட்டிக்காரத்தனமாக அதை நவாபுக்கே குத்தகைக்கு விட்டது. அந்தச் சமயத்தில் பார்னார்டு என்ற பொறியாளர் ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களை அளந்து, ஒவ்வோர் ஊரிலும் எத்தனை வீடு, எத்தனை ஏரி, எத்தனை ஊற்று என்று எழுதவைத்தார். கணக்குப்பிள்ளைகள் ஓலையில் எழுதின அந்தக் கணக்குகளின் அருமையைப் பின்னாளில் எடுத்துச் சொன்னவர் ஆய்வாளர் தரம்பால். விளைச்சலைக் களத்தில் அளக்கும்போதே ஏரிக்கென்று மேரை என்கிற ஒரு பங்கு தனியாகப் போய்விடும் என்பது அதில் தெரிகிறது. கரைக்குக் காசு யாரும் தானம் தரவில்லை. நெல் அம்பாரத்திலிருந்து முதலில் எடுத்தார்கள்.

1780-இல் ஹைதர் அலி வந்தார். படை போன வழியெல்லாம் ஊர் எரிந்தது. சனங்கள் மாட்டையும் பிள்ளைகளையும் ஓட்டிக்கொண்டு ஓடினார்கள். சென்னைப் பட்டணத்தில் பசி தாங்காமல் வந்து குவிந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றத்தான் 1782-இல் கஞ்சித்தொட்டி வந்தது. ஆள் இல்லாத ஊரில் மேரை யார் எடுப்பார்? கரையை யார் பார்ப்பார்? நண்டு வளை ஒன்றை அடைக்க ஆள் இல்லையென்றால் அடுத்த கார்த்திகையில் அது ஓர் ஆள் நுழைகிற ஓட்டை.

இந்தப் பாழுக்கு நடுவே 1794-இல் ஜாகீரின் கலெக்டராக வந்தவர் லயனல் பிளேஸ். மதுராந்தகத்துக்குப் பக்கத்திலேயே கருங்குழியில் உட்கார்ந்து ஆட்சி செய்தார். (வள்ளலார் தங்கியிருந்த கருங்குழி வடலூர்ப் பக்கம், இது வேறு.) 1798 வரை இருந்தார். அந்த நான்கு வருஷத்தில் அவர் விட்டுப்போன தடம்தான் இந்த ஊரின் மிகப் பிரபலமான கதை.

கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஏரி ஒவ்வோர் ஆண்டும் உடைகிறது. துரை பழுது பார்க்க வருகிறார். கோயிலில் கல் குவித்திருப்பதைப் பார்த்து, இது எதற்கு என்கிறார். தாயாருக்குச் சந்நிதி கட்ட என்கிறார்கள் பட்டர்கள். கல்லை வைத்துக்கொண்டு கரை உடைவதை வேடிக்கை பார்க்கிறீர்களே, உங்கள் தெய்வம் ஏரியைக் காப்பாற்றாதா என்று துரை கேட்கிறார். வேண்டிக்கொண்டால் காப்பாற்றும் என்கிறார்கள். இந்த மழைக்குக் கரை நின்றால் சந்நிதியை நானே கட்டித் தருகிறேன் என்கிறார் துரை. 1798 என்று கோயில் வழக்கு. மழை பிடித்துக்கொள்கிறது. நடு இரவில், கரை போய்விட்டது என்றே நினைத்துக்கொண்டு துரை போய்ப் பார்க்கிறார். மின்னல் வெளிச்சத்தில் கரைமேல் இரண்டு இளைஞர்கள், கையில் வில், முதுகில் அம்பறாத்தூணி, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருக்கிறார்கள். துரை மண்டியிடுகிறார். விடிந்தால் கரை அப்படியே இருக்கிறது. அன்றிலிருந்து மூலவர் ஏரி காத்த ராமர்.

ஜனகவல்லித் தாயார் சந்நிதியில் இந்தத் தர்மம் கும்பினி ஜாகீர் கலெக்டர் பிளேஸ் துரையுடையது என்று பொறித்திருக்கிறது. நான் போன அன்று பட்டர் விளக்கைத் தூக்கிப் பிடித்துக் காட்டினார். எண்ணெய்ப் பிசுக்கு ஏறின எழுத்து. "எல்லாரும் பெருமாளைச் சேவிச்சுட்டு நேரா இதைத்தான் கேக்கறா" என்று சிரித்தார். கும்பினி, துரை, தர்மம் ஆகிய மூன்று சொற்களும் ஒரே வரியில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறதே ஓர் அனுபவம்.

துரை என்ன பார்த்தார் என்று நான் வழக்காட வரவில்லை. ஆனால் அந்த மனிதரைக் கொஞ்சம் தள்ளி நின்றும் பார்க்க வேண்டும். பிளேஸ் பக்திமான் என்பதைவிடக் கணக்கு தெரிந்தவர். ஓடிப்போன குடிகள் திரும்பினால்தான் உழவு, உழுதால்தான் வரி. குடிகள் எதை நம்பித் திரும்புவார்கள்? கோயிலில் விளக்கு எரிய வேண்டும், ஏரியில் தண்ணீர் நிற்க வேண்டும். இரண்டையும் சேர்த்தே செய்தார். காஞ்சிபுரம் கோயில் நிர்வாகத்தையும் கையில் எடுத்துத் திருவிழாக்களை நடத்திவைத்தார். அதே கைதான் பூந்தமல்லிப் பக்கத்து மிராசுதாரர்கள் முரண்டு பிடித்தபோது அவர்கள் மிராசைப் பறித்து வேறு ஆட்களிடம் கொடுத்தது. சாமிக்கு மண்டியிட்ட துரை குடிகளுக்கு மண்டியிடவில்லை.

அவர் செய்ததில் எனக்குப் பிடித்தது வேறொன்று. மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் வேடந்தாங்கல். ஏரி மரங்களில் கூடு கட்டுகிற பறவைகளைச் சிப்பாய்கள் சுட்டுக்கொண்டிருந்தார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அறிந்த ஊர்க்காரர்கள் துரையிடம் முறையிட்டார்கள். பறவைகளைக் காக்கிற உரிமை ஊருக்கு உண்டு என்று 1798-இல் பிளேஸ் கவுல் என்ற உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். அங்கே ஏரியைக் காத்தது வில்லும் அம்பும் இல்லை, ஒரு துண்டுக் காகிதம். அதைக் கேட்டு வாங்கினவர்கள் விவசாயிகள்.

மதுராந்தகம் கதையில் எனக்குக் குறையாகப் படுவது அப்படிப்பட்ட ஊர்க்காரர்கள் இல்லாததுதான். அந்த இரவில் கரைமேல் ராமரையும் லட்சுமணரையும் பார்த்தோம், துரையைப் பார்த்தோம். வேறு யாரும் இல்லையா? கொட்டுகிற மழையில் ஏரிக்கரை காலியாக இருந்து நான் எந்த ஊரிலும் கேட்டதில்லை. மண்வெட்டியும் அரிக்கேனுமாக ஆட்கள் நிற்பார்கள். கரையின் உட்புறத்தைவிட வெளிப்புறத்தைத்தான் உற்றுப் பார்ப்பார்கள். கசிகிற தண்ணீர் தெளிவாக வந்தால் பயமில்லை, கலங்கி வந்தால் கரைக்குள்ளிருந்து மண் வருகிறது என்று பொருள். உடனே வைக்கோலும் கீற்றும் மண்ணும் திணித்து மிதிப்பார்கள். உபரி நீர் வழிகிற கலங்கலில் அடைத்துக்கொண்ட முட்செடியை இடுப்பளவுத் தண்ணீரில் நின்று இழுத்துப் போடுவார்கள். கலங்கல் அடைத்தால் கரை தாங்காது. 1798-இலும் வயலுக்கு நீர் பாய்ச்சுகிற கம்புகட்டிகளும் தோட்டிகளும் பண்ணையாட்களும் அங்கே நின்றிருப்பார்கள். இருட்டில், மின்னல் வெளிச்சத்தில், கையில் நீளமாக எதையோ பிடித்துக்கொண்டு கரைமேல் நடந்தவர்கள் அவர்களில் யாராவது இரண்டு பேராக இருந்தாலும் எனக்கு ராமர் குறைந்துவிட மாட்டார். அவர்களுடைய ஊதியம் களத்து மேரையில் சில மரக்கால் நெல். பெயர் எந்தச் சந்நிதியிலும் இல்லை.

இன்று ஏறத்தாழ 2,850 ஏக்கர் நேரடிப் பாசனம் இந்த ஏரியை நம்பியிருக்கிறது. கரையும் மதகும் அரசின் கைக்குப் போய்ப் பல தலைமுறை ஆகிவிட்டது. களத்து மேரை நின்றது, கம்புகட்டி வேலையும் மங்கியது. முன்பெல்லாம் மதகு ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் இருக்கும். எந்த மதகு எந்தத் தெரு வயலுக்கு, எந்த நாழிகைக்கு மேல் யாருக்கு என்பது அந்தப் பெயரிலேயே அடங்கியிருக்கும். இப்போது எண் போட்டிருக்கிறார்கள்.

மதுராந்தகத்து வாசகர்களே, உங்கள் வீட்டுப் பழைய பத்திரங்களிலும் கிரைய ஓலைகளிலும் எல்லை சொல்லும் இடத்தில் மதகுப் பெயர் இருக்கும். தாத்தா பாட்டிக்கு இன்னும் நினைவிருக்கும். கரை காவலுக்குப் போனவர்கள் உங்கள் குடும்பத்திலும் இருந்திருப்பார்கள். அந்த மதகுப் பெயர்களையும் ஆட்பெயர்களையும் ஓர் அஞ்சலட்டையில் எழுதி இந்த இதழ் முகவரிக்கு அனுப்புங்கள். தொடர் நூலாகும்போது பிளேஸ் துரையின் பெயர் இருக்கிற அதே பக்கத்தில் அவற்றையும் அச்சிடுகிறேன்.

அடுத்த இதழில் கருங்குழிக் கோட்டை.

(தொடரும்)